மலை ரயிலைச் சின்னதாக்கினா எது சின்னதாகாது?

ஊட்டி ரயில் நேரோ கேஜா? யாரைக் கேட்டாலும் 'ஆமா'ன்னுதான் சொல்றாங்க. இந்திய ரயில்வே கணக்குப்படி அது நேரோ கேஜ் இல்ல, மீட்டர் கேஜ். ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல சரியா 1000 மி.மீ. நம்ம ஊர்ல நேரோ கேஜ்னா 762 மி.மீ. (கால்கா–சிம்லா) அல்லது 610 மி.மீ. (டார்ஜிலிங், மாத்தேரான்). ஆனா வெளிநாட்டு மாடல் ரயில் ஆளுங்க கிட்ட கேட்டா, 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜை விடக் குறைஞ்சது எல்லாமே நேரோ கேஜ்தான். அவங்களுக்கு ஊட்டி ரயிலும் நேரோ கேஜ். ரெண்டு பேர் சொல்றதும் சரி, டெஃபினிஷன் வேற, அவ்ளோதான்.

இந்தக் கட்டுரை டார்ஜிலிங்கைப் பத்தி. குறிப்பா, டார்ஜிலிங் மாதிரி ஒரு லேஅவுட்டை 5 அடிக்கு 2.5 அடி பிளைவுட் மேல கட்டி, அதை ஒழுங்கா ஓட வைக்கிறது எப்படின்னு. எங்க டிபார்ட்மெண்ட் லேப் மூலையில துணி போட்டு மூடி வெச்சிருக்கற அந்த மேஜை உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேட்ச் முன்னாடி சீனியர்ஸ் ஆரம்பிச்சது. இந்த மார்ச் எக்ஸ்போல 30 நிமிஷம் யாரும் கை வைக்காம ஓடணும், இல்லைன்னா மேஜை ஸ்கிராப் யார்டுக்குப் போயிடும்னு லேப்ல தெளிவா சொல்லிட்டாங்க. இடம் வேணுமாம், ஒரு புது மெஷின் வருது. நாங்க மூணு பேரும் மே மாசம் கிளம்பிடுவோம். அதனால அடுத்து கை வைக்கப் போற ஜூனியர்ஸுக்கு இது ஒரு ஹேண்டோவர் நோட் மாதிரியும் இருக்கட்டும்.

முதல்ல, ஏன் டார்ஜிலிங்?

காரணம் வளைவு. அகலப்பாதையில இந்திய ரயில்வே அனுமதிக்கிற அதிகபட்ச வளைவு 10 டிகிரி, அதாவது சுமார் 175 மீட்டர் ஆரம். 1:76 ஸ்கேல்ல அது 2.3 மீட்டர். அரை வட்டம் திரும்பறதுக்கே நாலரை மீட்டர் அகலத்துக்கு மேல வேணும், ஹாஸ்டல் ரூமே பத்தாது. அதனாலதான் கடையில விக்கிற பெரிய ரயில் செட் எல்லாத்துலயும் ராஜதானி மாதிரி நீளமான வண்டி குடைராட்டினம் மாதிரி சுத்தும். பார்க்கறவங்களுக்கு ஏதோ இடிக்கும், என்னன்னு சொல்லத் தெரியாது.

டார்ஜிலிங் பாதையில இந்த ஏமாத்து வேலை தேவையே இல்ல. 1881-ல டார்ஜிலிங் வரைக்கும் போட்டு முடிச்ச அந்தப் பாதை, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மலைச் சாலையை ஒட்டியே ஏறுது. கூம் ஸ்டேஷன் 2258 மீட்டர் உயரம். ஊட்டி மாதிரி பல்சக்கரம் கிடையாது. சாதா சக்கரம், சாதா தண்டவாளம். செங்குத்தா ஏற முடியாத இடத்துல பாதை ஒரு வட்டம் போட்டு தன் மேலேயே தாண்டிப் போகும் (அதுதான் லூப்), இல்லைன்னா இசட் மாதிரி முன்னாடி போய், பின்னாடி வந்து, மறுபடி முன்னாடி போகும் (ஜிக்ஜாக்). அகோனி பாயிண்ட்னு ஒரு லூப் இருக்கு, பேரே வேதனை முனை. அங்க வளைவு 20 மீட்டர் ஆரத்துக்கும் உள்ள. 76-ஆல வகுத்தா 260 மி.மீ. பக்கம். நம்ம மேஜையில 260 மி.மீ. வளைவு போட்டா அது பொம்மை வளைவு இல்ல, நிஜமாவே அந்த ஊர் வளைவு. இடம் கம்மியா இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாதுன்னு நான் சொல்வேன்.

அடுத்து ஸ்கேல், கேஜ் குழப்பம். ஸ்கேல்னா எல்லாத்தையும் எவ்வளவு சுருக்கறோம்கற விகிதம். கேஜ்னா தண்டவாள இடைவெளி. ரெண்டும் வேற வேற. 610-ஐ 76-ஆல வகுத்தா 8 மி.மீ. வரும். ஆனா 8 மி.மீ. தண்டவாளம் கடையில கிடைக்காது. கிடைக்கிறது 9 மி.மீ., அது 1:160 ஸ்கேல்ல (என் கேஜ்) பெரிய ரயில் ஓட்டறவங்களுக்காகச் செஞ்சது. 1960-கள்ல அந்த 9 மி.மீ. சாமான்கள் சந்தைக்கு வந்ததும், நேரோ கேஜ் ஆளுங்க அதை எடுத்து, மேல பெரிய ஸ்கேல் பாடியை மாட்டிட்டாங்க. ஜெர்மனியில எக்கர்-பான் கம்பெனி 1963-லயே இப்படி ரெடிமேடா வித்துச்சு. 1:76-ல இதுக்கு ஓஓ9-னு பேர், 1:87-ல எச்ஓஇ.

கணக்கு பார்த்தா கால்கா–சிம்லாதான் கச்சிதம்: 762-ஐ 87-ஆல வகுத்தா 8.76. டார்ஜிலிங்குக்கு 9 மி.மீ. போட்டா ஒரு மி.மீ. அதிகம், 12 சதவீதம் பிழை. இதை ஏத்துக்கிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும். 8 மி.மீ.-ல கையாலேயே தண்டவாளம் போடறவங்க உலகத்துல இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா 12 சதவீதம் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியறது ஸ்லீப்பர் கட்டைதான். என் கேஜ் தண்டவாளத்துல கட்டைகள் பொடிசா, நெருக்கமா இருக்கும். மலை ரயில்ல பெருசா, தள்ளித் தள்ளி இருக்கும். ஓஓ9-க்குன்னே பீக்கோ கம்பெனி தள்ளித் தள்ளிக் கட்டை வெச்ச தண்டவாளம் விக்கிறாங்க. பட்ஜெட் இருந்தா அது. இல்லைன்னா ஜல்லியை கட்டை மறையற அளவுக்குக் கொட்டிடுங்க.

இது வரைக்கும் ஜியோமெட்ரி. ஜியோமெட்ரி சொன்ன பேச்சு கேட்கும், 76-ஆல வகுத்தா சுருங்கும். பிரச்சினை, ஃபிஸிக்ஸ் அப்படிச் சுருங்காது. சீனியர்ஸ் லேஅவுட் பார்க்க ரொம்ப அழகா இருந்தும் மூணு பெட்டியோட லூப் ஏற முடியாம நின்னதுக்குக் காரணம் இதுதான்.

எடையை எடுத்துக்கோங்க. நீளம் 76 மடங்கு குறைஞ்சா கனஅளவு 76-இன் கனம், ஏறக்குறைய 4,40,000 மடங்கு குறையும். 15 டன் எடையுள்ள ஒரு குட்டி ஸ்டீம் எஞ்சினை அதே உலோகத்துல 1:76-ல செஞ்சா எடை வெறும் 34 கிராம். எஞ்சின் இழுக்கிற விசை எங்கிருந்து வருது? சக்கரத்து மேல இருக்கற எடையை உராய்வுக் குணகத்தால பெருக்கினா வர்றதுதான். மோட்டார் எவ்வளவு பவரா இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்டினா சக்கரம் வழுக்கும்.

எங்க எஞ்சின் 60 கிராம். 3டி பிரிண்ட் பாடி, உள்ள ஜப்பான் தயாரிப்பு நாலு சக்கர சேஸிஸ். குணகத்தை லேப்ல ஈஸியா அளக்கலாம்: 300 மி.மீ. தண்டவாளத் துண்டு மேல எஞ்சினை வெச்சு ஒரு முனையைத் தூக்கிட்டே போங்க. வார்ம் கியர் இருக்கறதால கரண்ட் இல்லாதப்போ சக்கரம் சுத்தாது, பூட்டின மாதிரி நிக்கும். எந்த உயரத்துல வழுக்குதோ அந்தக் கோணத்தோட டேன் மதிப்புதான் குணகம். எங்களுக்கு சுமார் 0.2 வந்துச்சு. அப்போ இழுவிசை 12 கிராம். பெட்டிக்கும் இதே டெஸ்ட்தான், ஆனா இங்க எப்போ உருள ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும். 300-க்கு 9 மி.மீ. தூக்கினதும் உருண்டுச்சு, அதாவது 3 சதவீதம். 25 கிராம் பெட்டிக்கு 0.75 கிராம் எதிர்ப்பு.

சமதளத்துல 12-ஐ 0.75-ஆல வகுத்தா 16 பெட்டி. அடேங்கப்பா! இப்போ மலை ஏத்துவோம். பழைய லூப் 200 மி.மீ. ஆரம். சுற்றளவு 1257 மி.மீ. அந்த ஒரு சுத்துக்குள்ள மேல் பாதை கீழ் பாதையை இடிக்காம தாண்டணும்னா 65 மி.மீ. ஏறணும், அதாவது 5.2 சதவீதம் ஏத்தம். எஞ்சின் தன்னைத் தானே தூக்கறதுக்கே 3.1 கிராம் போயிடுது, மீதி 8.9. ஒவ்வொரு பெட்டிக்கும் உருள 0.75, ஏற 1.3, வளைவுல சக்கரம் உரசறதுக்கு இன்னொரு 0.75-னு வெச்சா மொத்தம் 2.8 கிராம். 8.9-ஐ 2.8-ஆல வகுத்தா 3.2. பதினாறு பெட்டி இழுத்த எஞ்சின் மூணுக்கு முக்குது! தண்டவாளத்துல கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தா அதுவும் போச்சு.

லூப்பை 260 மி.மீ. ஆரத்துக்கு மாத்தினா சுற்றளவு 1634. அதே 65 மி.மீ.க்கு 4 சதவீதம்தான் வரும். இப்போ 3.8 பெட்டி. பிளைவுட்டை வெட்டி, சரிவைத் திருப்பிக் கட்டி, ஜல்லி போட ரெண்டு வாரம் ஆச்சு, கிடைச்சது அரைப் பெட்டிக்குக் கொஞ்சம் மேல. ஆனா எஞ்சின் பாய்லருக்குள்ள 20 கிராம் ஈயத் துண்டு ஒட்ட அரை மணி நேரம்தான் ஆச்சு. 80 கிராம் எஞ்சின், இழுவிசை 16, தனக்கு 3.2 போக 12.8, அதை 2.5-ஆல வகுத்தா 5 பெட்டி. எதை முதல்ல செய்யணும்னு நீங்களே பார்த்துக்கோங்க. ஈயத்தை ரெண்டு அச்சுக்கும் சமமா பிரிச்சு வைக்கணும், கை கழுவிட்டுச் சாப்பிடணும். எவ்வளவு எடை ஏத்தலாம்னா, ஓவர்லோடு ஆனா சக்கரம் வழுக்கணும், மோட்டார் நின்னு சூடாகக் கூடாது. வழுக்கறதுதான் மோட்டாருக்கு ஃப்யூஸ்.

நிஜ டார்ஜிலிங் ஸ்டீம் எஞ்சின்லயும் இதே தலைவலிதான். முன்னாடி ஆள் உட்கார்ந்து தண்டவாளத்துல மணல் தூவிட்டே போவாங்க, வழுக்காம இருக்க. 1889-லேருந்து வந்த பி கிளாஸ் எஞ்சின்களுக்கு நாலே சக்கரம், நம்மளுது மாதிரியே. நாம மணல் போட முடியாது, கரண்ட் போகாது. அதுக்குப் பதிலா சக்கரத்துல ரப்பர் டயர் மாட்டலாம்னு எல்லா இடத்துலயும் சொல்வாங்க. குணகம் ஏறும், உண்மைதான். ஆனா ரப்பர் மாட்டின சக்கரம் கரண்ட் எடுக்காது. மொத்தமே நாலு சக்கரம், அதுல ஒண்ணை இழந்தா கால்வாசி காலி. அதனால நான் ரப்பர் கட்சி இல்ல, ஈயக் கட்சி. எடை ஏத்தினா பிடிமானமும் கூடும், கரண்ட் தொடர்பும் கூடும்.

கரண்ட்டுன்னு சொன்னதும் நேரோ கேஜோட உண்மையான வில்லன் வந்தாச்சு. இழுவையை விட இதுதான் அதிகமா மானத்தை வாங்கும்.

நாலு கால் மேஜை ஆடும், மூணு கால் ஸ்டூல் ஆடாது. வளையாத சேஸிஸ்ல நாலு சக்கரம் இருந்தா எந்த நேரத்துலயும் உறுதியா தொடறது மூணுதான். ஒரு பக்கம் ஒரே ஒரு சக்கரம் தொட்டுட்டு இருக்கற நேரத்துல அதுக்குக் கீழ ஒரு தூசி வந்தா எஞ்சின் நின்னுடும். பெரிய ஸ்கேல் எஞ்சினா இருந்தா உந்தத்துல தூசியைத் தாண்டிடும். நம்ம எஞ்சின் 80 கிராம், வேகமோ எறும்பு வேகம். நிஜத்துல மணிக்கு 15 கி.மீ.ன்னா மேஜையில வினாடிக்கு 55 மி.மீ. அந்த மெதுவான ஓட்டம்தான் இந்த ரயிலோட அழகு, அதை விட்டுட்டு வேகமா ஓட்டி சமாளிக்கறதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இசிஇ நண்பர்கள் உடனே 'கெபாசிட்டர் போடு'ம்பாங்க. போடலாம், ஆனா கணக்குப் பண்ணிட்டுப் போடுங்க. மோட்டார் 0.1 ஆம்பியர் எடுக்குது, வோல்டேஜ் 4 வோல்ட் இறங்கற வரைக்கும் தாங்கும்னு வெச்சுக்குவோம். 2200 மைக்ரோஃபேரட் போட்டா தாங்கற நேரம் 88 மில்லிவினாடி. அதுக்குள்ள எஞ்சின் நகர்றது 5 மி.மீ. கூட இல்ல. தூசிக்குப் போதும். ஆனா பாயிண்ட்ல ஃப்ராக்னு ஒரு வி வடிவ இடம் இருக்கு, ரெண்டு தண்டவாளம் ஒண்ணை ஒண்ணு வெட்டற இடம். மலிவான பாயிண்ட்ல அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மேல கரண்ட் ஏது? சக்கரத்துக்குச் சக்கரம் 20 மி.மீ. சொச்சமே இருக்கற எஞ்சின் அங்க சரியா மாட்டும். ஒரு முழு வினாடி தாங்கணும்னா 25,000 மைக்ரோஃபேரட் வேணும், அது பாய்லருக்குள்ள நுழையாது. நுழைஞ்சா ஈயத்துக்கு இடம் இருக்காது. இன்னொண்ணு, சாதா டிசி லேஅவுட்ல திசை மாத்தினா போலாரிட்டியும் மாறும், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மோட்டாருக்கு நேரா போட்டா அவ்ளோதான். டிசிசி டீகோடர் இருந்தா அதோட ரெக்டிஃபையருக்குப் பின்னாடி போடலாம்.

நாங்க செஞ்சது வேற. உலோக ஃப்ராக் இருக்கற பாயிண்ட்டுக்கு மாறினோம். பாயிண்ட்டைத் தள்ளற சர்வோவே ஒரு மைக்ரோ சுவிட்சையும் தட்டும், அது ஃப்ராக்குக்குச் சரியான போலாரிட்டி கொடுக்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஃபீடர் வயர். ஜாயினரை நம்பவே கூடாது, அது ஆறு மாசத்துல கறுத்துப் போகும். அப்புறம் எஞ்சினுக்குப் பின்னாடி முதல் பெட்டியோட எட்டுச் சக்கரத்துலயும் மெல்லிய பித்தளைக் கம்பி தொட வெச்சு, முடி மாதிரி ஒரு வயர்ல எஞ்சினோட சேர்த்தோம். நாலு தொடர்பு பன்னிரண்டாச்சு. கம்பி உரசறதால அந்தப் பெட்டி கொஞ்சம் கனமா உருளும், அதனால ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் போதும்.

தண்டவாளத்தைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் காட்டன் துணியும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். கீறல் விழும், கீறல்ல அழுக்கு உட்காரும், அடுத்த வாரம் இன்னும் மோசமாகும்.

ஜூனியர் ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, பாதை வட்டம் போட்டுத் தன்னையே தாண்டுதே, ஷார்ட் சர்க்யூட் ஆகாதா?" ஆகாது. அது ஸ்பிரிங் மாதிரி மேல போகுது, இடது தண்டவாளம் கடைசி வரைக்கும் இடதுதான். அதே பாதை திரும்பி வந்து தன்னோடயே இணைஞ்சாத்தான் ஷார்ட். ஜிக்ஜாக்லயும் அந்தத் தொல்லை இல்ல.

ஜிக்ஜாக்ல இருக்கற தொல்லை நீளம். நடுக் காலுல எஞ்சின் பெட்டிகளைப் பின்னாடி தள்ளிட்டே ஏறணும். தள்ளும்போது கப்ளிங் கொஞ்சம் கோணினாலும் பெட்டி கவிழும். அதைவிட முக்கியம், ரெண்டு முனையிலயும் மொத்த ரயிலும் பாயிண்ட்டைத் தாண்டி நிக்க இடம் வேணும். எஞ்சின் 75 மி.மீ., பெட்டி 100 மி.மீ., மூணு பெட்டின்னா 375. ஆர்டுயினோ ரயிலை நிறுத்தற இடம் முன்ன பின்ன 15 மி.மீ. மாறும், அதையும் முனையில விட வேண்டிய இடத்தையும் சேர்த்தா 420 மி.மீ. முனை வேணும். லேஅவுட் வரையறதுக்கு முன்னாடியே எத்தனை பெட்டின்னு முடிவு பண்ணிடணும், மத்த அளவெல்லாம் அதுலேருந்து தானா வரும். ரயில் எங்க நிக்குதுன்னு பார்க்க ஐஆர் சென்சாரை எடுத்துட்டு, எஞ்சின் அடியில குட்டிக் காந்தமும் கட்டைக்கு நடுவுல ஹால் சென்சாரும் வெச்சிருக்கோம். எக்ஸ்போ ஹால் லைட்ல ஐஆர் என்ன சொல்லும்னு யாருக்குத் தெரியும்?

அலங்காரம் பத்திச் சுருக்கமா. மலைக்குத் தெர்மோகோல், மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜல்லிக்குச் சலிச்ச எம்-சாண்ட், தண்ணி கலந்த ஃபெவிகால்ல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டா நல்லா ஊறி இறங்கும். காட்டுத் தரைக்கு கேன்டீன்ல வடிகட்டின டீத்தூளை வெயில்ல காய வெச்சுத் தூவினோம். டார்ஜிலிங் லேஅவுட்டுக்கு அதைவிடப் பொருத்தமா என்ன வேணும்! லூப்புக்கு நடுவுல படாசியா லூப்ல இருக்கற மாதிரி ஒரு நினைவுத் தூண், அதுவும் 3டி பிரிண்ட். தண்டவாளத்தை ஒட்டியே ரோடும் கடைகளும் வரணும், அது இல்லைன்னா டார்ஜிலிங் இல்ல. கடைகள் இன்னும் வெறும் அட்டைப் பெட்டிதான்.

இன்னிக்கு நிலவரம்: ரெண்டு பெட்டியோட 40 நிமிஷம் கை வைக்காம ஓடுது. மூணாவது பெட்டியை எஞ்சின் தாராளமா இழுக்குது, ஆனா ஜிக்ஜாக் மேல் முனை 380 மி.மீ. தான் இருக்கு. மூணு பெட்டி ஓடணும்னா தேயிலைத் தோட்டப் பக்கம் மலையை 40 மி.மீ. உள்ள குடையணும். எக்ஸ்போக்கு முன்னாடி அதைத் தொட மாட்டோம், பிளாஸ்டர் தூள் பறந்து எல்லா சக்கரத்துலயும் ஏறிடும். டிராயிங், வயரிங் கலர் லிஸ்ட், ஆர்டுயினோ கோடு பிரிண்ட் அவுட் மூணும் மேஜைக்கு அடியில இடது டிராயர்ல இருக்கு. ஏப்ரல்ல யாராவது ரம்பத்தோட வாங்க, நாங்க மே வரைக்கும் இங்கதான் இருப்போம்.